வையம்பட்டிக்கு ஒரு மைதானம்: வாசகர் ஒருவருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாலு பக்கக் கடிதத்தில் இரண்டு பக்கம் எனக்கு அர்ச்சனை. “அகமதாபாத்தில் 1,32,000 பேர் உட்கார அரங்கம் கட்டியபோது கேட்காத கார்பன் கணக்கை, வையம்பட்டிப் பிள்ளைகள் ஓடிப் பழக இடம் கேட்டால் மட்டும் கேட்பீர்களா?” என்று முடித்திருக்கிறீர்கள். பெரிய விளையாட்டரங்கங்களைப் பற்றி நான் எழுதியதைப் படித்து வந்த கோபம். நியாயமான கோபம்தான். உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே கேள்வி துவரங்குறிச்சியிலும் தொட்டியத்திலும் யாருக்காவது இருக்கும் என்பதால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

மைதானம் வேண்டும் என்கிறீர்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. திருச்சி காஜாமலை அண்ணா விளையாட்டரங்கத்துக்கு உங்கள் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பள்ளி விட்டபின் பஸ் ஏறிப் போய்ப் பயிற்சி எடுத்துத் திரும்பு என்று எந்த வீட்டிலும், அதுவும் பெண்பிள்ளையிடம், சொல்ல மாட்டார்கள். தொகுதிக்கு ஒன்றாக 3 கோடி ரூபாயில் முதலமைச்சர் சிறு விளையாட்டரங்கம் என்ற அரசுத் திட்டத்தை, கடிதத்தோடு அனுப்பிய மனுவில் நீங்களே காட்டியிருக்கிறீர்கள். மணப்பாறை, மருங்காபுரி, வையம்பட்டி என்று பரந்து கிடக்கும் தொகுதியில் அந்த ஒன்று எங்கே வந்தாலும் இன்னொரு பக்கத்துக்குத் தூரம்தான். ஆகவே கேளுங்கள். என் சண்டை உங்கள் மனுவின் இரண்டாம் பக்கத்தோடு மட்டும்: “5,000 பேர் அமரும் கான்கிரீட் காலரி, நான்கு ஃப்ளட்லைட் கம்பம், சுற்றிலும் நிரந்தரக் கட்டடம்.” யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, டிவியில் பார்த்ததை அப்படியே இறக்கியது போல இருக்கிறது.

விளக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். அரங்கம் வீணடிக்கிறது என்று சொன்னதும் எல்லார் கண்ணும் அந்தக் கம்பங்கள் மேல்தான் போகிறது. ஒரு பெரிய கிரிக்கெட் மைதானத்தின் எல்இடி விளக்குகள் மொத்தமாக 500 கிலோவாட் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேரத்துக்கு 2,500 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு அதிகம், அதனால் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு ஒன்றே முக்கால் டன் ஆகிறது. கரண்ட் போய்விடுமோ என்று பயந்து ஜெனரேட்டரில் ஓட்டினாலும் கணக்கு பெரிதாக மாறாது: 700 லிட்டர் டீசல், லிட்டருக்கு 2.7 கிலோ.

அதே ஆட்டத்துக்கு 30,000 பேர் பைக்கில் வருகிறார்கள், ஆளுக்கொரு வண்டி, போக வர 40 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 45 கொடுக்கும் வண்டி என்றாலும் ஆளுக்கு 2 கிலோ. மொத்தம் 60 டன். விளக்கைவிட முப்பது மடங்குக்கு மேல். இதில் கார் இல்லை, விமானம் இல்லை, ஓட்டல் அறை இல்லை. நான் எடுத்தது வைத்துக்கொண்ட எண்கள்தான், கூட்டிக் குறைத்துப் பாருங்கள். விகிதம் தலைகீழாகாது.

கத்தாரில் 2022-இல் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துக்கு ஃபிஃபாவே போட்ட கணக்கு 36 லட்சம் டன். அதில் பாதிக்கு மேல் போக்குவரத்து. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதிதாகக் கட்டுவதை முடிந்தவரை தவிர்த்து, பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த அரங்கங்களையும் கழற்றி எடுக்கும் அரங்கங்களையும் வைத்தே சமாளித்தார்கள். மொத்தம் 16 லட்சம் டன்னுக்குள் நின்றது. அங்கேயும் பாதிக்கு மேல் வந்துபோன பயணம்தான்.

இதில் கத்தார்க் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் மனுவுக்கு அது சம்பந்தப்பட்டது. அங்கே புதிதாக ஏழு அரங்கம் எழும்பியது. அவற்றைக் கட்டியதில் வெளியான வாயு முழுவதையும் போட்டிக் கணக்கில் ஏற்றவில்லை. அரங்கம் பல பத்தாண்டுகள் ஓடும் என்று வைத்து, அந்த ஆயுளில் உலகக் கோப்பைக்குச் செலவாகும் நாள்களின் பங்கை மட்டும் எழுதினார்கள். கார்பன் மார்க்கெட் வாட்ச் என்ற ஐரோப்பிய அமைப்பு இதைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு சின்ன நாட்டுக்கு அத்தனை அரங்கம் அத்தனை வருடத்துக்கு எதற்கு உதவும், ஆயுள் முழுக்க ஆட்டம் நடக்கும் என்று யார் உத்தரவாதம் என்று கேட்டது. “கார்பன் நடுநிலையான உலகக் கோப்பை” என்ற விளம்பரத்துக்கு ஆதாரம் போதாது என்று 2023-இல் சுவிட்சர்லாந்தின் விளம்பர ஒழுங்கு ஆணையமும் சொல்லிவிட்டது.

வகுப்பது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வகுக்கத்தான் வேண்டும். எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பதில்தான் பித்தலாட்டம் புகுந்துவிடுகிறது.

வகுபடும் எண், அதாவது கட்டும்போதே வெளியாகிற வாயு, எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க நீங்கள் கத்தார் போக வேண்டாம். நம் மாவட்டத்திலேயே கள்ளக்குடி இருக்கிறது. 1939-இல் அங்கே வந்தது டால்மியா சிமென்ட் ஆலை. ஆலை முதலாளி பெயரில் ஊர் டால்மியாபுரம் ஆனதும், அதை எதிர்த்து 1953-இல் கலைஞர் தண்டவாளத்தில் படுத்ததும் உங்கள் தாத்தாவுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். பெயருக்கு நடந்த சண்டை ஞாபகம் இருக்கும் அளவுக்கு, ஆலை ஏன் அந்த இடத்தைத் தேடி வந்தது என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. கள்ளக்குடியிலிருந்து அரியலூர் வரை அந்தப் பூமி ஒரு காலத்தில் கடல். டைனோசர் காலத்துக் கடல். கடலடியில் படிந்த சிப்பியும் ஓடும் சேறும் இறுகித்தான் அந்தச் சுண்ணாம்புக்கல். சுரங்கப் பக்கம் நத்தை போலச் சுருண்ட கல் இன்றும் கிடைக்கிறது. பத்துக் கோடி வருடத்துக்கு முன்னால் அந்த உயிர்கள் கடல்நீரிலிருந்து எடுத்து ஓட்டுக்குள் பூட்டி வைத்த கரிதான் சூளையில் திறந்துகொள்கிறது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துபோய்விடும். இது எரிபொருளால் வருவதில்லை, கல்லுக்குள்ளேயே இருப்பது. சூளையைச் சூரிய சக்தியில் ஓட்டினாலும் இந்த 44 கிலோ குறையாது. எரிக்கும் நிலக்கரி தனி.

இரண்டையும் சேர்த்து, சாம்பல் கலந்த சிமென்டையும் கணக்கில் எடுத்தால், 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 30 கிலோ வாயு வரும். கம்பிக்கு டன்னுக்கு இரண்டு டன்னுக்கு மேல். 5,000 பேர் காலரிக்கு எத்தனை மூட்டை, எத்தனை டன் கம்பி என்று உங்கள் ஊர் மேஸ்திரியிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். பெருக்கிக்கொள்வது பெரிய வேலை இல்லை. அந்த எண் முதல் விசில் ஊதுவதற்கு முன்னாலேயே காற்றில் கலந்து முடிந்திருக்கும். அதன் பிறகு எத்தனை மரம் நட்டாலும், எத்தனை சோலார் தகடு பதித்தாலும் அந்தப் பழைய கணக்கு அப்படியே நிற்கும். உங்களால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: தினமும் ஆடி ஆடி, வகுக்கும் எண்ணைப் பெரிதாக்குவது.

சேப்பாக்கத்தில் இந்த வகுத்தல் கணக்கின் நல்லது கெட்டது இரண்டையும் பார்க்கலாம். 1916-லிருந்து அதே இடத்தில் மைதானம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934-இல் அங்கேதான், இந்தியா முதல் டெஸ்ட் வெற்றி பெற்றது 1952-இல் அங்கேதான். நூறு வருடத்துக்கு மேலாக ஒரே மண்ணில் ஆட்டம். ஊருக்கு வெளியே புதிதாக ஒன்று கட்டிக்கொள்ளலாம் என்று போகாமல், இருப்பதையே 2011 உலகக் கோப்பைக்கு முன்னால் புதுப்பித்தார்கள். கான்கிரீட் கூரைக்குப் பதிலாக வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய துணிக்கூரை போட்டார்கள். இதுவரை பாராட்டலாம். ஆனால் அந்தப் புதுப்பிப்பில் வந்த ஐ, ஜே, கே என்ற மூன்று காலரிகளின் கதை வேறு. ஏறத்தாழ 12,000 இருக்கைகள். திட்ட அனுமதிச் சிக்கல், பக்கத்துக் கட்டடத்தோடு இடைவெளித் தகராறு, வழக்கு. பல வருடம் மூடிப் பூட்டி, 2023-இல்தான் முழுதாகத் திறந்தார்கள். டோனி இறங்கும்போது மற்ற காலரிகளில் மஞ்சள் அலை, இந்த மூன்றில் ஆளே இல்லை. டிவியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிமென்ட் வெந்தது, கம்பி உருகியது, வாயு போனது, உட்கார்ந்து பார்த்தவர் கிட்டத்தட்ட பூஜ்யம். பூஜ்யத்தால் வகுத்தால் என்ன வரும் என்று உங்களுக்குக் கணக்கு வாத்தியார் சொல்லிக் கொடுத்திருப்பார்.

பயணத்தில் சேப்பாக்கம் நல்ல பெயரே எடுத்திருக்கிறது. பக்கத்திலேயே பறக்கும் ரயில் நிலையம், நடக்கும் தூரத்தில் மெட்ரோ. 2023 முதல் சென்னை அணியின் ஐபிஎல் டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவில் இலவசம், அடுத்த வருடம் மாநகரப் பஸ்ஸிலும் அதே சலுகை. சோலார் தகட்டுக்குக் கிடைக்கும் கைதட்டலில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் தமிழ்நாட்டில் விளையாட்டுக்காக நடந்த பெரிய சூழல் வேலை இதுதான். காவிரிப் போராட்டத்தால் 2018-இல் சென்னை ஆட்டங்கள் புனேவுக்குப் போனபோது ரசிகர்களுக்காக ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்று தனி ரயிலே விட்டார்கள். கிட்டத்தட்ட ஆயிரம் பேர் போனார்கள். அத்தனை பேரும் விமானத்தில் போயிருந்தால் கணக்கு எங்கேயோ போயிருக்கும். (போன இடத்தில் மைதானத்துக்கு பவனா ஆற்றுத் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் தடை போட்டது. காவிரிக்காக ஊர் மாறிய ஆட்டம் பவனாவில் போய் மாட்டிக்கொண்டது.)

சோலாரையும் சொல்லிவிடுகிறேன், மனுவில் அதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரு சின்னசாமி அரங்கத்தின் கூரையில் 2015-இல் 400 கிலோவாட் பதித்தார்கள். கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் என்றால் 1,600 யூனிட். அதன் அழகு என்னவென்றால் ஆட்டம் இல்லாத நாளும் கூரை சம்பாதிக்கிறது. வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தகட்டைக் காட்டிக் காலரியை நியாயப்படுத்தாதீர்கள்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். நிரந்தரக் காலரிக்கு எதிராக நான் பேசுவது ஏதோ வெளிநாட்டு யோசனை என்று நினைத்துவிட வேண்டாம். மாட்டுப் பொங்கலுக்குப் பெரிய சூரியூர், பிறகு ஆவாரங்காடு, கருங்குளம் என்று தை பிறந்ததும் வரிசையாக வாடிவாசல் திறக்கிற மாவட்டம் இது. அங்கே காலரி கட்டுபவர்களை ஒரு நாள் நின்று பாருங்கள். சவுக்குக் கால்களைக் குழிக்குள் இறக்கி, மண்ணைத் தட்டி இறுக்கி, குறுக்குக் கட்டை கொடுத்து, கயிற்றை முறுக்கி முடிச்சுப் போட்டு, மேலே படிப்படியாகப் பலகை போடுகிறார்கள். இப்போது சில இடங்களில் இரும்புக் குழாயும் கலந்துவிட்டது. ஓரத்தில் இரட்டைத் தடுப்பு. மாடு இறங்கும் தரையில் கால் முறியாமல் இருக்கத் தென்னை நார்க்கழிவு. பொதுப்பணித் துறைப் பொறியாளர் வந்து ஏறிப் பார்த்து உறுதிச் சான்று கொடுத்தால்தான் கூட்டம் ஏறலாம். 2017-இல் வந்த ஜல்லிக்கட்டு விதிகளுக்குப் பிறகு இது கட்டாயம், கட்டாயமாக இருக்கவும் வேண்டும். காலரி சரிந்து கை கால் போனவர்கள் இருக்கிறார்கள், அதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுவதில் அர்த்தமில்லை. ஆட்டம் முடிந்த மறுநாள் முடிச்சை அவிழ்த்து, கால்களைப் பிடுங்கி, லாரியில் ஏற்றி அடுத்த ஊர். மே மாதக் கடைசி வரை சீசன். ஒரே சவுக்குக் கால் எத்தனை ஊர்க் கூட்டத்தைத் தாங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வகுக்கும் எண் தானாகவே பெரிதாகிவிட்டது.

இதையே கத்தாரில் 974 கப்பல் கன்டெய்னர்களை அடுக்கிச் செய்து, அந்த எண்ணையே அரங்கத்துக்குப் பெயராக வைத்து உலகமே பேசியது. லண்டனில் 2012 ஒலிம்பிக்குக்கு 80,000 இருக்கை வைத்து, அதில் 55,000 பின்னால் கழற்றக்கூடியதாகத் திட்டமிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் இது இன்னும் பழசு. ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ளவை 953 கல்தூண்கள்தான். வைகுண்ட ஏகாதசிக்கு மீதியை மரக்கால் நட்டு ஆயிரமாக்கி, திருநாள் முடிந்ததும் எடுத்துவிடுவது வழக்கம். திருவிழாவுக்கு வேண்டியதைத் திருவிழாவுக்கு மட்டும் நிறுத்துவது என்ற யோசனைக்கு நாம் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

உடனே அலங்காநல்லூர் அரங்கத்தைக் கேட்பீர்கள். கேட்டும் இருக்கிறீர்கள், அடிக்கோடு போட்டு. அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் 66 ஏக்கரில், 60 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, ஏறத்தாழ 5,000 பேர் உட்காரும் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் 2024 ஜனவரி 24 அன்று திறக்கப்பட்டது. மருத்துவ வசதி, நிழல், மாடு நிற்க ஒழுங்கான இடம் எல்லாம் உண்டு. காளைக்கும் வீரருக்கும் அது நல்லதுதான். ஆனால் அலங்காநல்லூர்க்காரர்கள் பொங்கல் ஜல்லிக்கட்டை இன்றும் ஊருக்குள் இருக்கும் பழைய வாடிவாசலில்தான் நடத்துகிறார்கள். முனியாண்டி சாமி அங்கே இருக்கிறார், அவரை 66 ஏக்கருக்கு மாற்ற முடியாது. அப்படியானால் கீழக்கரைக் கான்கிரீட்டுக்கு வருடத்தில் எத்தனை நாள் வேலை? அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கபடி, சிலம்பம், பள்ளி விளையாட்டு விழா எல்லாவற்றுக்கும் திறந்துவிட்டால் அந்த அரங்கமும் கரையேறிவிடும்.

பயணக் கணக்கு ஜல்லிக்கட்டையும் விடாது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 700 காளை வருகிறது, ஒவ்வொன்றும் ஒரு மினி லாரியில் போக வர 100 கிலோமீட்டர், லிட்டருக்குப் பத்து என்றால் 19 டன். மரக்காலரி கட்டி மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு வண்டிப்புகையில் போய்விடுகிறது. உங்கள் நண்பர்கள் வேனில் அலங்காநல்லூர் போய் வந்தால் சுமார் 200 கிலோமீட்டர், 20 லிட்டர் டீசல், 54 கிலோ. பதினைந்து பேர் நெருக்கிக்கொண்டு போனால் ஆளுக்கு மூன்றரைக் கிலோதான். அதே ஆட்கள் நாலு பேராகக் காரில் சேப்பாக்கம் போனால் ஆளுக்கு முப்பது கிலோவை நெருங்கும். மணப்பாறையில் ரயில் ஏறிப் போவதற்கு நான் சொல்லும் ஒரே காரணம் இதுதான், டிக்கெட் விலைகூட இல்லை.

இப்போது மனுவுக்கு வருவோம். உங்கள் அரங்கத்தின் கார்பன் கணக்கில் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு பெரிய லாபம் இருக்கிறது, அதை நீங்கள் எழுதவே இல்லை. வையம்பட்டியில் மைதானம் வந்தால் பிள்ளைகள் சைக்கிளிலும் நடந்தும் வருவார்கள். திருச்சிக்குப் போகும் ஐம்பது கிலோமீட்டர் மிச்சம். உலகம் முழுக்க அரங்கங்களைச் சாப்பிடுகிற பயணக் கணக்கு உங்களுக்குக் கிட்டத்தட்ட இல்லை. முதல் பத்தியிலேயே இதைப் போடுங்கள். அகமதாபாத்தோடு ஒப்பிட்டுக் கோபப்படுவதைவிட அதிகாரிக்கு இது உறைக்கும்.

5,000 பேர் காலரியை அடித்துவிடுங்கள். 400 மீட்டர் மண் டிராக், கபடி, வாலிபால், கோகோவுக்குத் தளம், நீளம் தாண்ட மணல் குழி, ஒரு பக்கம் இருநூறு பேர் உட்காரும் படிக்கட்டு போதும். சிந்தடிக் டிராக் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தேய்ந்ததும் மாற்றப் பணம் கேட்டு அலைய வேண்டும், இப்போதைக்கு வேண்டாம். தொகுதி அளவில் பெரிய போட்டி வந்தால் காலரிக்கு ஆள் உங்கள் ஊரைச் சுற்றியே இருக்கிறார்கள், ஜல்லிக்கட்டு சீசன் முடிந்தபின் அவர்களுக்கும் வேலை கிடைக்கும். மேற்கே வேம்பும் புங்கையும் வரிசையாக வையுங்கள், சாயங்காலம் நாலு மணிக்கே பிள்ளைகள் இறங்கலாம். உங்கள் பக்கம் கிணறு எந்த ஆழத்தில் கிடக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை, புல்தரை ஆசையையும் விட்டுவிடுங்கள். விளக்கு நான்கு கம்பம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வேலைக்குப் போய்வந்து ஏழு மணிக்குக் கபடி ஆடுகிறவர்களுக்கு அது வேண்டும். தளத்துக்கு மட்டும் விழும்படி இரண்டு கம்பம் போதுமா என்று மின்வாரியத்தில் கேட்டுப் பாருங்கள்.

மனுவில் இல்லாத இரண்டு விஷயங்களையும் சேருங்கள். ஒன்று, தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக. அது இல்லாத மைதானத்தில் பாதி ஊர் வராது. பாதி ஊர் வராவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் இரட்டிப்பாகிவிடும். இன்னொன்று சாவி. சிறு விளையாட்டரங்கம் கட்டி, திறப்பு விழா நடத்தி, கேட்டைப் பூட்டிச் சாவியை ஏதோ ஒரு அலுவலக மேசை டிராயரில் போட்டுவிட்ட ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். சாவி யாரிடம் இருக்கும், காலை எத்தனை மணிக்குத் திறக்கும், இரவு எத்தனை மணிக்குப் பூட்டும், ஞாயிற்றுக்கிழமை யார் வருவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு இடத்தைக் காட்டுங்கள். திருத்திய மனுவை அனுப்பினால் நானும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அர்ச்சனைக்கு ஆளான கட்டுரையாளன்